ஹம்பர் ஆற்றில் பனி உருகும் காலத்துத் தூண்டில்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவின் மேற்குப் பகுதியில், நிலக்கீழ் ரயில் கடந்துசெல்லும் பாலத்தின் அடியிலேயே, ஏரியிலிருந்து ஏறிவரும் பெரிய ட்ரவுட் மீன்களைத் தூண்டிலில் பிடிக்க முடியும். படகு தேவையில்லை, வாகனமும் தேவையில்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஆறு ஊர்க் குளத்தைப்போலவோ களப்பைப்போலவோ நடந்துகொள்வதில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு மீன் வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. தவறான நாளில், தவறான நீரில் நிற்பதுதான். எனவே இந்தக் கட்டுரை கருவிகளைவிடச் சட்டத்துக்கும் நீருக்கும் அதிக இடம் கொடுக்கிறது.

எந்த மீன், ஏன் இப்போது

இந்தப் பருவத்தில் எல்லோரும் தேடி வருவது ஸ்டீல்ஹெட் என்று அழைக்கப்படும் ரெயின்போ ட்ரவுட் மீனை. பசிபிக் கரையோரத்துக்கு உரிய இந்த மீன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய ஏரிகளில் விடப்பட்டு, ஒன்ராறியோ ஏரியை இன்று தன் கடலாகவே கொண்டுவிட்டது. ஏரியில் உண்டு வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆறுகளில் ஏறுகிறது. சில மீன்கள் இலையுதிர் காலத்திலேயே ஆற்றுக்குள் நுழைந்து குளிர்காலத்தை ஆழமான மடுக்களில் கழிக்கின்றன. மற்றவை பனி உருகி ஆறு பெருகும்போது புதிதாக ஏறுகின்றன. பசிபிக் சால்மன் முட்டையிட்டவுடன் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல; பிழைத்து ஏரிக்குத் திரும்பி, அடுத்த ஆண்டும் வரக்கூடியது. ஆகவே இன்று கவனமாகத் திருப்பிவிடப்படும் ஒரு பெண் மீன் அடுத்த ஆண்டின் சினைக்கும் தாயாகலாம்.

அதே நாட்களில் வெள்ளைச் சக்கர் மீன்களும் கூட்டமாக ஏறுகின்றன. கீழ்நோக்கித் திரும்பிய, தடித்த உதடுகளையுடைய வாயைக் கொண்டு அவற்றை உடனே அறியலாம். ட்ரவுட் கிடைக்காத புதியவருக்கு முதல் இழுவையைத் தருவது பெரும்பாலும் இந்தச் சக்கர்தான். அதை இழிவாகப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

முதல் வேலை: அனுமதிப்பத்திரம்

ஒன்ராறியோவில் 18 வயது முதல் 64 வயது வரையுள்ள குடியிருப்பாளர் தூண்டில் போடுவதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அடையாள அட்டையும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் பெற்றிருக்க வேண்டும். அட்டை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அனுமதிப்பத்திரத்தில் இரு வகைகள் உண்டு: ஸ்போர்ட் வகை, கூடுதலான மீன்களை வைத்திருக்க இடமளிக்கிறது, கன்சர்வேஷன் வகை மலிவானது, ஆனால் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை குறைவு. முதல் ஆண்டில் இருப்பவருக்குக் கன்சர்வேஷன் வகையே தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

புதிதாகக் குடியேறியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. விண்ணப்பிப்பதற்கு முந்திய 12 மாதங்களுக்குள் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது மாகாணத்தில் வசித்தவரே ஒன்ராறியோவாசியாகக் கணிக்கப்படுவார். 65 வயதைக் கடந்தவருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்ற சலுகையும் கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தந்தையாரின் கையில் தூண்டிலைக் கொடுக்குமுன், வெளிநாட்டவருக்கான அனுமதிப்பத்திரத்தை அவர் பெயரில் எடுத்துவிட வேண்டும். வயதுச் சலுகை உடையவர்களும் வயதை நிரூபிக்கும் அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருப்பது அவசியம். ஒருவர் ஒரு தூண்டில் மட்டுமே போடலாம் என்பதையும், இந்த அனுமதியின்கீழ் பிடித்த மீனை யாருக்கும் விற்க முடியாது என்பதையும் வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.

இரண்டாவது வேலை: எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை

மாகாணம் மீன்பிடி மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயம். ஹம்பர் ஆறு 16ஆம் வலயம். ஏரிக்குரிய விதி ஆற்றின் வாயைத் தாண்டினால் பொருந்தாது. 16ஆம் வலயத்தில் ட்ரவுட் பருவம் பொதுவாக ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தொடங்கிச் செப்டம்பர் 30 வரை நீடிக்கிறது. பல ஆறுகளின் கீழ்ப்பகுதிகளுக்கு மட்டும் விதிவிலக்காக நீண்ட பருவம் வழங்கப்பட்டிருக்கிறது. அந்த விதிவிலக்குகள் ஒரு சாலைப் பாலத்திலிருந்து இன்னொரு சாலைப் பாலம் வரை என்ற வகையில் எல்லையிடப்பட்டிருப்பதால், ஐம்பது அடி மேலே நடந்தாலே சட்டத்துக்கு உட்பட்ட இடத்திலிருந்து சட்டவிரோதமான இடத்துக்குப் போய்விட நேரலாம். சில பகுதிகள் மீன் சரணாலயங்களாக முழுமையாகவோ சில மாதங்களுக்கோ மூடப்பட்டிருக்கும்.

இந்த எல்லைகளைச் சரிபார்க்கும் முறை எளிது. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதித் தொகுப்பில் 16ஆம் வலயத்தைத் திறந்து, முதலில் பொதுப் பருவங்களையும், அதன்பின் நீர்நிலை வாரியான விதிவிலக்குகளையும், கடைசியாகச் சரணாலயப் பட்டியலையும் படிக்க வேண்டும். மூன்றையும் படித்தபின் அந்த எல்லைகளை ஒரு வரைபடத்தில் பேனாவால் குறித்து, அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மாகாணத்தின் ஃபிஷ் ஆன்-லைன் என்ற இணைய வரைபடமும் உதவும். கரையில் நிற்கும் பழக்கமானவர் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அவர் சொல்வது சில ஆண்டுகளுக்கு முந்திய விதியாக இருக்கலாம்.

மூடப்பட்ட பருவத்திலுள்ள மீனை, "பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்" என்ற எண்ணத்தோடு தேடிப்போவதும் குற்றமே. பாஸ் மீனுக்கான பருவம் ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. ஏப்ரலில் தற்செயலாக ஒன்று மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், அதற்காகவே தூண்டில் போடக் கூடாது. வாயில் அல்லாமல் உடலில் தூண்டில் முள் தைத்து வந்த மீனையும் உடனே திருப்பிவிட வேண்டும். அப்படித் தைப்பதற்கென்றே முள்ளை வெடுக்கென்று இழுப்பது இங்கே கடுமையாகப் பார்க்கப்படும் செயல்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பருவத்தின் முழு இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. விடுமுறை நாளைப் பார்த்துப் போகிறவரைவிட, நீரைப் பார்த்துப் போகிறவருக்கே மீன் கிடைக்கிறது.

நகர ஆறு ஏன் இவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காட்டிலும் வயலிலும் விழும் மழையை மண் பிடித்துவைக்கிறது. கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் மழை வடிகால்கள் வழியாகச் சில மணி நேரத்துக்குள் ஆற்றில் வந்து கொட்டுகிறது. ஸ்காபரோவின் ஹைலண்ட் கிரீக் ஏறக்குறைய முழுவதும் நகரத்துக்குள்ளேயே அடங்கிய நீரேந்து பகுதியைக் கொண்டது. ஆகவே அது மின்னல் வேகத்தில் ஏறி, அதே வேகத்தில் இறங்கித் தெளிகிறது. ஹம்பர் வேறு வகை. சுமார் 900 சதுர கிலோமீற்றர் பரப்பிலிருந்து நீரைச் சேர்க்கும் அதன் மேற்பகுதி விவசாய நிலங்களையும் களிமண் சமவெளியையும் கடந்து வருவதால், நகர மழை வடிந்தபின்னும் மேலிருந்து பழுப்பு நீர் வந்துகொண்டே இருக்கும். அது தெளிய இரண்டு மூன்று நாட்களோ அதற்கு மேலோ ஆகலாம். அதே மழைக்குப்பின் ஹைலண்ட் கிரீக்கில் மறுநாளே நீர் மீன்பிடிக்குப் பதமாக இருக்கவும் கூடும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர், எந்த ஆற்றுக்கு எந்த நாளில் போவது என்பதை வீட்டிலிருந்தே தீர்மானிக்கலாம்.

அதற்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது. கனடிய மத்திய அரசின் நீரளவு நிலையம் ஒன்று வெஸ்டன் பகுதியில் ஹம்பரின் நீரோட்டத்தை அளந்து, விநாடிக்கு இத்தனை கனமீற்றர் என்று இணையத்தில் உடனுக்குடன் காட்டுகிறது. எண்ணைவிட வரைகோட்டின் வடிவம் முக்கியம். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால் வீட்டிலேயே இருங்கள். உச்சியைத் தொட்டு, ஒரு நாளாவது சீராக இறங்கிவரும் கோடே தூண்டிலுக்கு உரியது. கோடு நீண்ட நாட்களாகத் தட்டையாகக் கிடந்தால் நீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். மீன்கள் அஞ்சி ஒதுங்கியிருக்கும். அந்த நாட்களில் விடியற்காலையும் மெல்லிய தங்கூசியும் (தூண்டில் நூல்) இல்லாமல் பயனில்லை.

வெப்பநிலையை அளக்க ஒரு சிறு வெப்பமானியை நூலில் கட்டி நீரில் விடுங்கள். 4 பாகை செல்சியஸுக்குக் கீழே மீன் சோம்பியிருக்கும். ஆழமான, மந்தமான மடுவின் அடியில் கிடக்கும். இரை அதன் மூக்குக்கு முன்னால் போனாலொழிய வாய் திறக்காது. 4 முதல் 9 பாகை வரை அது நகரும், ஏறும், இரையைத் துரத்தவும் செய்யும். அதற்கு மேலே போனால் பெரும்பாலான மீன்கள் முட்டையிடும் வேலையில் இருக்கும், அல்லது முடித்துக்கொண்டு ஏரி நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். மார்ச் மாதத்தில் வெயில் அடிக்கும் நாளில் பிற்பகலில் நீர் ஓரிரு பாகை சூடேறுவதால், அதிகாலையில் எழுந்து உறைபனியில் நிற்பதைவிடக் காலை பத்து மணிக்குப் போவது பெரும்பாலும் நல்லது. ஆனால் கரையில் இன்னும் பனிக்குவியல் இருக்குமானால், அதே வெயில் அதை உருக்கிச் சாலை உப்போடு சேர்த்துப் பிற்பகலில் ஆற்றைக் கலக்கிவிடும். இரண்டில் எது நடக்கும் என்பதை முந்தின நாளின் வரைகோடு சொல்லிவிடும்.

கலங்கலை அளக்க வெப்பமானிகூட வேண்டாம். கரையோரம் ரப்பர் பூட்ஸோடு நீரில் ஒரு அடி வைத்து, பூட்ஸின் நுனி எந்த ஆழம்வரை தெரிகிறது என்று பாருங்கள். கணுக்கால் ஆழத்திலேயே மறைந்துவிட்டால் திரும்பிப் போகலாம். முழங்கால் ஆழத்தில் பச்சை நிறத்தோடு மங்கலாகத் தெரிந்தால் அதைவிடச் சிறந்த நீர் கிடையாது.

எங்கே நிற்பது

ஓல்ட் மில் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஆற்றங்கரை. அங்கிருந்து வடக்கே எட்டியன் புரூலே பூங்கா வழியாகக் கரையோரப் பாதை செல்கிறது. இத்தனை பெரிய நகரத்தின் நடுவே ஆற்றங்கரை வீடுகளால் அடைபடாமல் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1954 அக்டோபர் 15 இரவு வீசிய ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. அவர்களில் 35 பேர் ஹம்பர் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் இறந்தவர்கள். அதன்பின் வெள்ளச் சமவெளியில் குடியிருப்பு தடுக்கப்பட்டு, நிலம் பூங்காவாக்கப்பட்டது. நீங்கள் நிற்கும் புல்வெளி அதனால் உருவானது. மழைநாளில் அது மீண்டும் ஆற்றுக்கே சொந்தமாகிவிடும் என்பதையும் அது நினைவூட்டுகிறது.

ஓல்ட் மில்லுக்குக் கீழே ஆறு ஏரியின் மட்டத்துக்கு இறங்கி, சதுப்பு நிலங்களினூடே மந்தமாகப் போகிறது. மேலேதான் சலசலக்கும் கல்லோட்டங்களும் மடுக்களும் தாழ்ந்த தடுப்பணைகளும் மாறிமாறி வருகின்றன. மீன் ஏறுவதற்காகப் பல தடுப்பணைகளில் வெட்டுவாய் அமைக்கப்பட்டுள்ளது. அந்த அணைகளின் அடியில் மீன்கள் கூட்டமாகத் தேங்கி நிற்பதைக் கண்ணால் காணலாம். ஆனால் அணையடியும் மீன்வழியின் வாயிலும் தூண்டில் போடுவதற்குரிய இடமல்ல. பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும், தாண்ட முடியாமல் களைத்து நிற்கும் மீனைப் பிடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, நீரின் மேற்பரப்பை ஐந்து நிமிடமாவது அசையாமல் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் நீரும் மந்தமாக ஓடும் நீரும் உரசும் இடத்தில் நுரையும் குமிழிகளும் ஒரு கோடாகப் போகும். மேலே வரும் உணவு அந்தக் கோட்டில்தான் வருகிறது. மீன் மந்தமான பக்கத்தில் ஓய்வாக நின்று, வேகமான பக்கத்தில் வருவதை எடுத்துக்கொள்கிறது. கல்லோட்டம் மடுவுக்குள் இறங்கும் தலைப்பகுதி, பாலத் தூணைச் சுற்றி நீர் அரித்த குழி, வெளிவளைவில் கரை அரிபட்ட ஆழம், மடு மீண்டும் ஆழம் குறையும் வால்பகுதி ஆகியவை அடுத்தடுத்துச் சோதிக்கத்தக்கவை. ஆழம் என்றால் இடுப்பளவோ நெஞ்சளவோ போதும். நீர் கலங்கிப் பெருகியிருக்கும் நாளில் மீன் நடு ஆற்றை விட்டுக் கரையோரமாக ஒதுங்கியிருக்கும். புதியவர்கள் தங்கள் காலடியில் நிற்கும் மீனைத் தாண்டி நடு ஆற்றுக்கு எறிகிறார்கள்.

ஓர் இடத்தை மட்டும் கட்டாயம் விலக்க வேண்டும். ஆழமற்ற சரளையில் சுற்றியுள்ள அடித்தளத்தைவிட வெளிறித் துலக்கமாகத் தெரியும் நீள்வட்டத் திட்டு இருந்தால், அது பெண் மீன் வாலால் தோண்டி முட்டையிட்ட படுக்கை. அதன்மேல் ஒருமுறை நடந்தாலே முட்டைகள் நசுங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சரளையின் குறுக்கே நடக்காமல் கரைவழியே சுற்றிப் போவதே முறை. படுக்கையில் ஜோடியாக நிற்கும் மீன்களுக்குத் தூண்டில் போடுவது எளிதாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள்.

கருவிகள்

கடைக்காரர் எதைக் காட்டினாலும், முதல் பருவத்துக்கு 8 முதல் 10 அடி வரையுள்ள மிதமான தூண்டில் தடியும், 2500 அல்லது 3000 எண் அளவுள்ள ஸ்பின்னிங் ரீலும், 8 இறாத்தல் தாங்கும் தங்கூசியும் போதும். ஆற்றங்கரையில் 13 அடித் தடியும் சென்டர்பின் ரீலும் பிடித்து நிற்பவர்களைக் காண்பீர்கள். தக்கையை மிக இயல்பாக ஓடவிடுவதற்கு அது அருமையான கருவிதான். ஆனால் அதைப் பழகவே ஒரு பருவம் போய்விடும்.

தொடுக்கும் முறை இது: பிரதான தங்கூசியில் ஒரு தக்கையைக் கோத்து, அதன் நுனியில் சிறிய சுழல்வளையம் ஒன்றைக் கட்டுங்கள். சுழல்வளையத்தின் மறுபக்கத்தில் சுமார் 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள, 6 இறாத்தல் தாங்கும் மெல்லிய ஃபுளோரோகார்பன் இழையைக் கட்டி, முடிவில் 8 அல்லது 10ஆம் எண் முள்ளைக் கட்டுங்கள். தக்கைக்கும் சுழல்வளையத்துக்கும் இடையே சிறு குண்டுகளை இடைவெளிவிட்டு நசுக்கிப் பொருத்த வேண்டும்; பெரியவை மேலே, கீழே போகப்போகச் சிறியவை. தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும் அளவுக்குக் குண்டுகள் இருக்கட்டும். ஈயத்துக்குப் பதிலாகத் தகரக் குண்டுகள் கிடைக்கின்றன. ஈயம் நீர்ப்பறவைகளைக் கொல்வதால் அவற்றையே வாங்குவது நல்லது. மெல்லிய இழை கல்லில் சிக்கி அறுந்தாலும் முள் மட்டுமே போகும், தக்கை கையில் மிஞ்சும்.

இரையில் முதன்மையானது மீன்சினை. சால்மன் அல்லது ட்ரவுட் சினையைச் சிறு வலைத்துணியில் மூட்டையாகக் கட்டிய நிலையில் கடைகளில் வாங்கலாம். தெளிந்த நீரில் மூன்று நான்கு முட்டைகள் கொண்ட வெளிறிய சிறு மூட்டையும், கலங்கிய நீரில் விரல்நுனி அளவான, பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சட்பச்சை மூட்டையும் பொருந்தும். சினை கிடைக்காதபோது மண்புழு போதும். நீர் கலங்கிய நாட்களில் மழை மண்ணிலிருந்து அடித்துவரும் புழுக்களுக்கு மீன் பழகியே இருக்கிறது. ரப்பர் புழுக்களும் முட்டை வடிவ மணிகளும் இரை வாங்க நேரமில்லாதவருக்கு உதவும்.

தக்கையை ஓடவிடுதல்

குளத்தில் தக்கை ஓரிடத்தில் நிற்கும். ஆற்றில் அது ஓட வேண்டும். முள் அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், நீரின் வேகத்திலேயே தொடர்ந்து போக வேண்டும் என்பதுதான் நோக்கம். முதலில் தக்கையின் உயரத்தை உத்தேசமாக வைத்து எறியுங்கள். தக்கை ஒருமுறைகூடத் தடுமாறாமல் ஓடினால் முள் மிக மேலே இருக்கிறது. தக்கையை ஒரு சாண் மேலே நகர்த்துங்கள். தொடர்ந்து சாய்ந்து அமிழ்ந்தால் அடியில் உரசுகிறது. சற்றுக் கீழே இறக்குங்கள். எப்போதாவது ஒருமுறை தட்டிச்செல்லும் அளவே சரியானது. ஒவ்வொரு புது மடுவுக்கும் இதை மறுபடி செய்யச் சோம்பல்படுபவர்கள் நாள் முழுவதும் மீனின் தலைக்கு மேலே இரையை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, தடியின் நுனிக்கும் தக்கைக்கும் இடையிலுள்ள தங்கூசி நீரில் படுத்தால், வேகமான நீர் அதை வில்லாக வளைத்துத் தக்கையை இழுத்துச் செல்லும். இரை இயல்புக்கு மாறாக விரையும், மீன் ஒதுங்கிவிடும். இதைத் தவிர்க்கத் தடியை உயர்த்திப் பிடித்து, தங்கூசியை இயன்றவரை நீருக்கு மேலே வைத்திருங்கள். வளைந்துவிட்டால் தடி நுனியால் மெதுவாகத் தூக்கி, நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாகப் போடுங்கள். அடித்தள நீர் மேற்பரப்பு நீரைவிட மெதுவாக ஓடுவதால், தக்கை அருகில் மிதக்கும் நுரையைவிடச் சிறிது பின்தங்கிப் போனால் இரை சரியான வேகத்தில் போகிறது என்று பொருள்.

தக்கை திடீரென மறைந்தாலோ, ஓட்டத்தின் நடுவே நின்றாலோ, பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர்ந்தாலோ உடனே தடியை உயர்த்துங்கள். குளிர்ந்த நீரில் கடி அவ்வளவு மென்மையாகத்தான் இருக்கும். ஓர் ஓட்டப்பாதையில் அருகிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எறிதலுக்கும் ஓர் அடி தள்ளி, மடுவின் அகலம் முழுவதையும் வருடிய பின்னும் எதுவும் இல்லையென்றால் அடுத்த மடுவுக்கு நடந்துவிடுங்கள்.

மடுவில் ஏற்கெனவே பலர் நின்றால், அவர்களுக்கு இடையே புகுமுன் கேட்டுக்கொள்வது இங்குள்ள மரியாதை. எல்லோரும் ஒரே தாளத்தில் மேலே எறிந்து கீழே ஓடவிட்டு எடுப்பார்கள். அந்த வரிசையைக் குலைத்துக் குறுக்கே எறிந்தால் சிக்கலாகும். யாராவது "ஃபிஷ் ஆன்" (மீன் மாட்டிவிட்டது) என்று குரல் கொடுத்தால் அருகிலுள்ளவர்கள் தங்கள் தூண்டிலைச் சுருட்டி வழிவிட வேண்டும்.

குளிர்ந்த நீரைப் பற்றி

புதியவர்கள் ஆற்றில் இறங்கத் தேவையில்லை. முழங்கால்வரையான ரப்பர் பூட்ஸும் கரையுமே முதல் ஆண்டுக்குப் போதும். நெஞ்சுவரையான வேடர்ஸ் என்ற நீர்புகா உடையை அணிபவர் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இல்லையேல் விழுந்தவுடன் உள்ளே நீர் நிறைந்துவிடும்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடமும், கைகால்களைப் பயனுள்ள வகையில் அசைக்கப் பத்து நிமிடமும், உடல் குளிர்ந்து நினைவிழக்கச் சுமார் ஒரு மணி நேரமும் உண்டு என்று குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளில் கற்பிப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் முதலில் வீழ்த்துவது அந்த முதல் நிமிடத்தின் மூச்சுத்திணறல்தான். கரையோரம் ஒட்டியிருக்கும் பனித்தட்டின்மேல் ஏறாதீர்கள்; அதன் அடியை ஆறு ஏற்கெனவே அரித்திருக்கும். தாழ்ந்த தடுப்பணை பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆனால் அதன் அடியில் நீர் திரும்பத் திரும்பச் சுழன்று, விழுந்தவரை மேலெழவிடாமல் அணையை நோக்கியே இழுக்கும். ரொறன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு ஆணையம் ஆறுகள் பெருகும் நாட்களில் வெள்ள எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை நடப்பிலிருக்கும் நாளில் கரைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லவே கூடாது.

பெருமழையின்போது நகரத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி ஆற்றில் கலப்பதும் உண்டு. மழைக்குப்பின் இரண்டு நாட்களுக்குக் கையில் காயத்தோடு நீரைத் தொடாதீர்கள். கை கழுவாமல் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காதீர்கள்.

மீன் மாட்டியபின்

ரீல் தங்கூசியை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தைச் சற்றுத் தளர்வாக வைத்திருங்கள். ஸ்டீல்ஹெட் முதல் பாய்ச்சலில் இருபது முப்பது மீற்றர் ஓடிவிடும், அப்போது இறுக்கிப் பிடித்தால் இழை அறும். மீன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுருட்டி, தடியைப் பக்கவாட்டில் சாய்த்து நீரோட்டத்துக்குக் குறுக்காக அதைத் திருப்புங்கள். முடிச்சில்லாத வலையால் ஏந்தி, வலையை நீரிலேயே வைத்துக்கொண்டு, நனைந்த கையால் முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்க்கூரை முன்னரே குறடால் நசுக்கியிருந்தால் இது சில விநாடி வேலை. படம் எடுக்க விரும்பினால் கமெராவைத் தயார்செய்துவிட்டு மட்டும் மீனை நீரிலிருந்து தூக்குங்கள். சரளையிலோ பனியிலோ கிடத்திய மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

வைத்திருக்க எண்ணும் மீனை முதலில் அடையாளம் காண வேண்டும். ரெயின்போ ட்ரவுட்டின் வால் முழுவதும் கதிர்போல விரியும் புள்ளி வரிசைகள் இருக்கும். பிரவுன் ட்ரவுட்டின் வாலில் புள்ளி அரிது. அட்லாண்டிக் சால்மன் இந்த ஏரியின் பூர்வீக மீன். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் முற்றாக அழிந்துபோய், இப்போது ஹம்பர் உள்ளிட்ட ஆறுகளில் மீண்டும் நிலைநிறுத்த முயற்சி நடக்கிறது. அதன் விதிகள் ட்ரவுட் விதிகளிலிருந்து வேறானவை. எந்த மீன் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுவதே வழி.

வீட்டுக்குக் கொண்டுபோவதானால்

ஆற்றுநீரின் அழுக்கைவிட, பெரிய ட்ரவுட் ஆண்டுக்கணக்கில் ஏரியில் உண்டு சேர்த்துக்கொண்ட மாசுகளே இங்கு கவனிக்க வேண்டியவை. மாகாண அரசு வெளியிடும் ஒன்ராறியோ மீனுணவு வழிகாட்டியில் இடம், மீனின் இனம், நீளம் ஆகியவற்றைக் கொண்டு மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று பார்க்கலாம். பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தனியாக, மிகக் குறைவான அளவு கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கரையில் ஓர் அளவுநாடா அவசியம். மீன் நீளமாக நீளமாக உண்ணத்தக்க அளவு பொதுவாகக் குறையும்.

நம் சமையல் முறையோடு மோதும் இடம் ஒன்றுண்டு. பிசிபி எனப்படும் இரசாயனங்கள் கொழுப்பில் தங்குபவை. தோலுக்கு அடியிலும், முதுகுவரியிலும், வயிற்றுப் பகுதியிலும்தான் அவை மிகுதி. தலையையும் வயிற்றுத் துண்டையும் தோலோடு போட்டுக் குழம்பு வைத்தால், மீன் கக்கிய கொழுப்பு முழுவதும் குழம்பிலேயே நிற்கும். தோலையும் கொழுப்பையும் வெட்டி நீக்கி, குடல் ஈரல் முதலியவற்றை எறிந்துவிட்டு, சதைத்துண்டைக் கொழுப்பு வடிந்துபோகும் வகையில் தணலில் சுடுவதே ஏற்றது. பாதரசம் சதையிலேயே கலந்திருப்பதால் எந்தச் சமையலாலும் அதை நீக்க முடியாது. அதற்கு வழிகாட்டியின் அளவைப் பின்பற்றுவது ஒன்றே வழி. முட்டையிட்டு முடித்து மெலிந்து கறுத்த மீனின் சதை வெளிறிக் குழைந்திருக்கும். அதில் உண்ணத்தக்க சுவையும் இல்லை.

திரும்பிய அன்றே பூட்ஸையும் வலையையும் சேறு போகக் கழுவி, முற்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுத்த ஆற்றுக்குப் போனால் இந்த ஆற்றின் வேற்றின உயிர்களையும் கூடவே எடுத்துச் செல்ல நேரும். மிஞ்சிய இரையை ஆற்றில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். அறுந்த தங்கூசித் துண்டுகளைப் பறவைகளின் காலில் சிக்காதபடி சுருட்டி எடுத்துவந்துவிடுங்கள். அன்றைய வெஸ்டன் நீரளவையும் நீரின் வெப்பத்தையும் எந்த மடுவில் கடி கிடைத்தது என்பதையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். அடுத்த மார்ச் மாதத்தில் எந்த நாள் புறப்படுவது என்பதற்கு அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும்.